பெட்ரோல் விலையை நாட்டுக்கு நாடு ஒப்பிடும்போது எதை எதோடு ஒப்பிடுகிறோம்?

தென்பெண்ணை, கடலூர்:

எங்கள் குடும்பக் குழுவில் சித்தப்பா ஒருவர் நேற்று ஒரு பட்டியலை அனுப்பினார். பல நாடுகளில் ஒரு லிட்டர் பெட்ரோல் என்ன விலை என்பதை இந்திய ரூபாயில் மாற்றி, குறைந்த விலையிலிருந்து கூடிய விலை வரை அடுக்கியிருந்தார்கள். குவைத்தும் மலேசியாவும் தலைப்பகுதியில் இருந்தன. நார்வேயும் ஜெர்மனியும் அடியில் இருந்தன. இந்தியா நடுவில் இருந்தது. அரை மணி நேரத்துக்குள் குழு இரண்டாகப் பிரிந்துவிட்டது. மலேசியாவைக் காட்டி நம்மைக் கொள்ளையடிக்கிறார்கள் என்று சிலர் கொதித்தார்கள். ஜெர்மனியைக் காட்டி நாம் கொடுத்து வைத்தவர்கள் என்று சிலர் பதில் சொன்னார்கள். இரு தரப்பும் பார்த்தது ஒரே ஓர் எண்ணைத்தான், அந்த எண்ணுக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதை யாரும் பார்க்கவில்லை என்பது என் ஆதங்கம். அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. எங்கள் ஊரிலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் எல்லையான முள்ளோடையைத் தாண்டியதும் வரும் பெட்ரோல் பங்க்குகளில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் வரிசையில் நிற்பதை எந்த நாளிலும் பார்க்கலாம். நானும் அங்கே போகும்போதெல்லாம் தொட்டியை நிரப்பிக்கொண்டுதான் திரும்புவேன். 2024-ஆம் ஆண்டில் அந்த எல்லையைக் கடந்தால் லிட்டருக்கு ஐந்து ரூபாய்க்கு மேல் குறைந்தது. எண்ணெய் அதே எண்ணெய்தான். நிறுவனமும் அதே நிறுவனம்தான். மாறியது மாநில வரி மட்டுமே.

2024 மார்ச் நடுவில் எண்ணெய் நிறுவனங்கள் இரண்டு ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் ஒரு லிட்டர் 100 ரூபாய் 75 காசு. அப்போது அதில் ஒன்றிய அரசின் கலால் வரி 19 ரூபாய் 90 காசு. தமிழ்நாட்டு மதிப்புக் கூட்டு வரி 13 விழுக்காடும், அதற்கு மேல் லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும் ஆகும். கணக்கிட்டுப் பார்த்தால் 21 முதல் 22 ரூபாய்க்குள் வரும். ஆக நூறு ரூபாயில் 41 ரூபாய்க்கும் மேல் வரி. பங்க் உரிமையாளரின் கமிஷன் நான்கு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. மிச்சம்தான் கச்சா எண்ணெய், சுத்திகரிப்பு, போக்குவரத்து, நிறுவனத்தின் லாபம் எல்லாம்.

இன்னொரு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டபோது டில்லியில் பெட்ரோல் 50 ரூபாய் அளவில்தான் இருந்தது, 2024-இல் 80 டாலருக்கே 100 ரூபாய் வாங்கினார்களே என்று அடிக்கடி கேட்கிறோம். அந்தக் கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. அன்று ஒரு டாலர் ஏறத்தாழ 43 ரூபாய். 2024-இல் 84 ரூபாய். ஒரு பீப்பாய் 159 லிட்டர். வகுத்துப் பாருங்கள்: 2008-இல் ஒரு லிட்டர் கச்சா எண்ணெய் ஏறத்தாழ 40 ரூபாய், 2024-இல் 42 ரூபாய். ரூபாய்க் கணக்கில் எண்ணெயின் விலை பெரிதாக மாறவேயில்லை. மாறியது அன்றைய மானியமும் இன்றைய வரியும்தான். அன்று நிறுவனங்களின் இழப்பை எண்ணெய்க் கடன் பத்திரங்களால் ஈடு கட்டி, சுமையைப் பின்னால் வருபவர்கள் மீது தள்ளினார்கள். அந்த 50 ரூபாய் உண்மையான விலை அல்ல. இன்றைய 100 ரூபாயும் எண்ணெயின் விலை அல்ல.

வெளிநாடுகளில் இருக்கும் நண்பர்கள் தங்கள் ஊர்க் கணக்கை இதே போலப் பிரித்து எழுதினால் நன்றாக இருக்கும்.

நெக்கர்க்கரை, ஸ்டுட்கார்ட்:

நல்ல தொடக்கம், ஐயா. ஜெர்மனியின் கணக்கை நான் தருகிறேன்.

இங்கே பெட்ரோலுக்கு ஆற்றல் வரி லிட்டருக்கு 65.45 சென்ட், டீசலுக்கு 47.04 சென்ட். இது விழுக்காடு அன்று, நிலையான தொகை. கச்சா எண்ணெய் ஏறினாலும் இறங்கினாலும் இது அசையாது. இதற்கு மேல் 2021 முதல் கரிம வாயுவுக்கான விலை சேர்ந்தது: டன்னுக்கு 25 யூரோவில் தொடங்கி, 2024-இல் 45, 2025-இல் 55 யூரோ. 2025-இல் பெட்ரோல் லிட்டருக்கு இது சுமார் 13 சென்ட் ஆனது. எல்லாவற்றையும் கூட்டிய பிறகு அந்த மொத்தத்தின் மீது 19 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி, அதாவது வரியின் மீதும் வரி. லிட்டர் 1.75 யூரோ என்று வைத்துக்கொண்டால் ஐந்தில் மூன்று பங்கு வரிதான். ஆக விழுக்காட்டில் பார்த்தால் நீங்கள் எங்களைவிடக் குறைவாகவே கொடுக்கிறீர்கள்.

ஆனால் இந்த வரிக்கு ஒரு வரலாறு உண்டு. 1999 முதல் 2003 வரை சூழலியல் வரிச் சீர்திருத்தம் என்ற பெயரில் ஆண்டுக்கு 3.07 சென்ட் வீதம் ஐந்து முறை உயர்த்தினார்கள். அந்தப் பணத்தின் பெரும்பகுதி ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் போனது. தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் கட்டும் பங்கு அந்த அளவுக்கு ஏறாமல் நின்றது. பங்க்கில் கூடுதலாகக் கொடுத்தது சம்பளச் சீட்டில் ஓரளவு திரும்பி வந்தது என்பதைச் சொல்லிச் செய்தார்கள். அப்போதும் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஆயினும் பணம் எங்கே போகிறது என்ற கேள்விக்கு ஒரு பதில் இருந்தது.

பக்கத்து நாடான பிரான்சில் அந்தப் பதில் இல்லாமல்தான் 2018 நவம்பர் 17 அன்று எரிபொருள் வரி உயர்வை எதிர்த்து மஞ்சள் சட்டைக்காரர்கள் சாலைச் சந்திகளில் இறங்கினார்கள் என்று நான் நினைக்கிறேன். சுற்றுச்சூழலுக்கான வரி என்று சொல்லி உயர்த்தினார்கள். ஆனால் பேருந்தே வராத சிற்றூர்களில் வாழ்பவர்களுக்கு வேறு வழி எதையும் காட்டவில்லை. 2019 ஜனவரியில் வரவேண்டிய உயர்வை டிசம்பரிலேயே கைவிட வேண்டியதாயிற்று.

2022 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதங்களுக்கு மட்டும் ஜெர்மனியில் ஆற்றல் வரியை ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் குறைந்த அளவான 35.9 சென்ட்டுக்கு இறக்கினார்கள். செப்டம்பர் முதல் நாள் மீண்டும் ஏற்றினார்கள். ஆகஸ்ட் 31 அன்று மாலை என் வீட்டருகே இருந்த பங்க்கில் வரிசை பிரதான சாலை வரை நீண்டிருந்தது நினைவிருக்கிறது. கையிலிருக்கும் ரசீதைப் பார்த்து இதை எழுதுகிறேன்: நிகரத் தொகை, 19 விழுக்காடு வரி, மொத்தம் என்று மூன்று தொகைகள் அதில் அச்சாகியுள்ளன. ஊருக்கு வரும்போது வாங்கும் பங்க் ரசீதில் லிட்டர், விலை, தொகை மட்டுமே இருக்கக் கண்டிருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை, கோயம்புத்தூர்:

விழுக்காட்டில் நாம் குறைவாகக் கொடுக்கிறோம் என்பதை நான் ஏற்கவில்லை. விழுக்காட்டை விழுக்காட்டோடு ஒப்பிடுவது கணக்குப் புத்தகத்துக்குச் சரி, அடுப்பங்கரைக்குச் சரியாகாது. 2024 ஏப்ரலில் பிரிட்டனில் வயது வந்தவர்களுக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 11.44 பவுண்டு. அங்கே பெட்ரோல் அப்போது ஏறத்தாழ ஒன்றரை பவுண்டு. ஒரு மணி நேரம் உழைத்தால் ஏழரை லிட்டர் வாங்கலாம். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் ஒரு நாள் கூலி 319 ரூபாய். வெயிலில் நாள் முழுவதும் மண் வெட்டியவருக்கு மூன்று லிட்டர் வரும். வரி விழுக்காடு பிரிட்டனில் 52-ஐ ஒட்டி இருந்தது, இங்கே 41. இந்த இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொண்டு யார் சுமை தாங்குகிறார்கள் என்று யாராவது தீர்ப்புச் சொல்ல முடியுமா?

அடுத்தது, எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம். தென்பெண்ணை ஐயா சொன்ன 19 ரூபாய் 90 காசை இன்னும் பிரிக்க வேண்டும். 2024-இல் அதில் அடிப்படைக் கலால் வரி வெறும் 1 ரூபாய் 40 காசு. சிறப்புக் கூடுதல் கலால் வரி 11 ரூபாய். சாலை மற்றும் உள்கட்டமைப்பு செஸ் (ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்றே வசூலிக்கும் வரி) 5 ரூபாய். வேளாண் உள்கட்டமைப்பு செஸ் 2 ரூபாய் 50 காசு. அரசமைப்பின் 270-ஆம் உறுப்பின்படி செஸ்ஸும் கூடுதல் வரியும் மாநிலங்களோடு பகிரப்படுவதில்லை. பகிர்வுக்கு வருவது அந்த 1 ரூபாய் 40 காசு மட்டுமே. பதினைந்தாவது நிதிக்குழு சொன்னபடி அதில் 41 விழுக்காடு எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து: 57 காசு. அந்த 57 காசில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு: இரண்டரைக் காசுக்கும் குறைவு. லிட்டருக்கு இருபது ரூபாய் வசூலாகும் வரியில் ஒரு பெரிய மாநிலத்தின் உரிமைப் பங்கு இவ்வளவுதான். செஸ் பணத்தில் தேசிய நெடுஞ்சாலை போடுகிறார்களே என்று சொல்வார்கள், போடுகிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எந்தச் சாலை, எந்த ஊரில் என்பதைத் தீர்மானிப்பது டில்லி. இதே மாநிலம் தன் வருவாய்க்கு மதிப்புக் கூட்டு வரியை உயர்த்தினால் மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு மூன்று ரூபாய் குறைத்தது என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

வரி ஏறிய வேகத்தையும் பாருங்கள். 2014 ஏப்ரலில் பெட்ரோல் மீதான கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதத்தில் 32 ரூபாய் 98 காசு. அந்த மே மாதத்துக்குச் சில நாள் முன்புதான், ஏப்ரல் 20 அன்று, அமெரிக்கக் கச்சா எண்ணெய் வாய்தா விலை (பின்னால் கைமாற்ற வேண்டிய சரக்குக்கு முன்கூட்டியே பேசும் விலை) பூஜ்யத்துக்கும் கீழே போனது. உலகமே எண்ணெயை வைக்க இடமில்லாமல் திண்டாடிய அந்த நாட்களில் ஒரே இரவில் பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் ஏற்றினார்கள். விலை தினசரி மாறும் முறை 2017 ஜூனிலேயே வந்துவிட்டது. சந்தை ஏறும்போது விலை ஏறும், இறங்கும்போது இறங்கும் என்றார்கள். இறங்கியபோது அந்த இடைவெளியை வரி நிரப்பிக்கொண்டது. 2021 நவம்பரில் ஐந்தும் 2022 மேயில் எட்டும் குறைத்த பிறகுதான் 19.90-க்கு வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அரசுக்கு வருவாய் வேண்டியிருந்தது என்பது உண்மைதான். அதை ஜவுளிக் கிடங்கிலிருந்து சரக்கு ஏற்றிச் செல்லும் சிறு வண்டிக்காரரிடமிருந்து முதலில் எடுத்திருக்க வேண்டுமா என்பதே என் கேள்வி.

குறிஞ்சிமலர், திண்டுக்கல்:

பெட்ரோலையும் ஜி.எஸ்.டி.க்குள் கொண்டுவந்தால் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுமே? ஏன் அதைப் பற்றி யாரும் எழுதவில்லை?

கணக்குப்பிள்ளை, கோயம்புத்தூர்:

அம்மா, அதற்கு வழி ஏற்கெனவே அரசமைப்பில் இருக்கிறது. 279ஏ உறுப்பு, பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகியவற்றுக்கு எந்த நாளிலிருந்து ஜி.எஸ்.டி. என்பதை ஒன்றிய, மாநில அமைச்சர்கள் அடங்கிய ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைக்கலாம் என்கிறது. 2021 செப்டம்பர் 17 அன்று லக்னோவில் கூடிய 45-ஆவது கூட்டத்தில் பேச்சு எழுந்து, இது அதற்கான நேரம் இல்லை என்று முடிந்தது.

ஏன் என்பதற்கு மேலே இருக்கும் 2024-ஆம் ஆண்டுக் கணக்கே போதும். வரி இல்லாமல், கமிஷனோடு சென்னையில் ஒரு லிட்டர் ஏறத்தாழ 59 ரூபாய். அன்றைய உச்ச விகிதமான 28 விழுக்காட்டைப் போட்டால் வரி 16 ரூபாய் 50 காசு. பங்க் விலை 76 ரூபாய்க்கு வந்துவிடும். வாங்குபவருக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதில் மாநிலத்தின் பாதி 8 ரூபாய் சொச்சம். அப்போது கிடைத்தது 21-க்கு மேல். ஜி.எஸ்.டி. வந்த பிறகு மாநிலங்கள் தாமே விகிதம் வைக்கக்கூடிய பெரிய இனங்கள் மதுவும் எரிபொருளும் பத்திரப் பதிவும் என்று சுருங்கிவிட்டன. அதில் ஒன்றை ஈடு இல்லாமல் விட்டுக்கொடுக்க எந்தக் கட்சி ஆளும் மாநிலமும் முன்வரவில்லை. லாரி உரிமையாளருக்கு, டீசலுக்குக் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளும் வசதி கிடைக்கும் என்பது உண்மையான நன்மை. அதற்காகவே டீசலை மட்டுமாவது முதலில் கொண்டுவரலாம் என்பது என் சொந்தக் கருத்து.

வல்லைவெளி, யாழ்ப்பாணம்:

விலை குறைவாக இருப்பதே நல்லது என்ற எண்ணத்தோடு இந்த இழையைப் படிப்பவர்களுக்காக எங்கள் நாட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

2021 டிசம்பரில் இங்கே 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. அது பலருக்கும் உறைக்காத விலையாக இருந்தது. அந்த விலையில் விற்பதற்கான டொலர் நாட்டிடம் இல்லை என்பது அடுத்த சில மாதங்களில் தெரிந்தது. மார்ச்சில் 254, ஏப்ரலில் 338, மேயில் 420, ஜூன் இறுதியில் 470 ரூபா. ஆனால் விலையைவிடக் கொடுமையானது, அந்த விலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாலும் எண்ணெய் கிடைக்கவில்லை என்பதுதான். என் மோட்டார் சைக்கிளை வரிசையில் விட்டுவிட்டு, அண்ணனும் நானும் மாறி மாறி இரண்டு இரவுகள் நின்றோம். மூன்றாம் நாள் காலை பவுசர் (எண்ணெய் கொண்டுவரும் லொறி) வராது என்று ஒரு மட்டையில் எழுதி வாசலில் தொங்கவிட்டார்கள். வண்டியை உருட்டிக்கொண்டு வீடு திரும்பினோம். பிறகு பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்தது: மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5, காருக்கு 20. அந்த நான்கு லீற்றரைப் பார்த்தபோது வந்த நிம்மதியை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை.

இதில் அதிகம் பேசப்படாதது மண்ணெண்ணெய். எங்கள் கரையோர மீனவர்களின் படகுகளில் பொருத்தும் வெளியிணைப்பு இயந்திரங்கள் அதில்தான் ஓடுகின்றன. நீண்ட காலம் அதை ஏழைகளின் எரிபொருள் என்று மலிவாக வைத்திருந்தார்கள். 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக்கினார்கள். மானியம் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுக்கணக்கில் மலிவாகவே வைத்திருந்துவிட்டு ஒரே இரவில் பிடுங்கியது தவறு. விலைச் சூத்திரம் ஒன்று 2018 மே மாதத்திலேயே கொண்டுவரப்பட்டது. அதை விடாமல் நடைமுறைப்படுத்தியிருந்தால் அந்த உயர்வு சிறுகச் சிறுக வந்திருக்கும், படகுக்காரர்கள் தங்களைத் தயார்படுத்திக்கொள்ள அவகாசம் கிடைத்திருக்கும். பிறகு 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 வீதமாகி எரிபொருளுக்கும் வந்தது. அன்று பெற்றோல் 366 ரூபா. எங்கள் விலையை இந்திய ரூபாயில் மாற்றிப் பட்டியலில் போடுபவர்கள், எந்த மாதத்து விலை என்பதையும் அன்றைக்கு அது கிடைத்ததா என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

செலேத்தார், சிங்கப்பூர்:

முள்ளோடையைப் பற்றிப் படித்ததும் எங்கள் உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி நினைவுக்கு வந்தது. சிங்கப்பூரில் பதிவான கார் பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூருக்குப் போக வேண்டுமானால் தொட்டியில் முக்கால் பங்கு எண்ணெய் இருந்தாக வேண்டும். குறைந்தால் அபராதம், வண்டியையும் திருப்பி அனுப்புவார்கள். 1989-இல் அரைத் தொட்டி என்று தொடங்கி 1991-இல் முக்கால் ஆக்கினார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் எண்ணெய் மலிவு என்பதால், இங்கே வரி கட்டாமல் அங்கே நிரப்பிக்கொண்டு வருவதைத் தடுக்கத்தான் இந்த விதி. இங்கே பெட்ரோல் வரி 2021 பிப்ரவரி முதல் சாதாரண வகைக்கு லிட்டருக்கு 66 சிங்கப்பூர் சென்ட், உயர்ந்த வகைக்கு 79 சென்ட். ஆயினும் எங்கள் நாட்டில் கார் வைத்திருப்பவரின் பெரிய சுமை எண்ணெய் அன்று, கார் வைத்திருக்கும் உரிமைக்காக ஏலத்தில் எடுக்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழ். எங்கள் பெட்ரோல் விலையை மட்டும் எடுத்துப் பார்ப்பவர்களுக்கு அந்தச் சுமை கண்ணில் படாது. பெருவிரைவு ரயிலும் பேருந்தும் வீட்டு வாசலுக்கு அருகில் இருப்பதால் கார் இல்லாத எனக்கு அந்த வரி சுடவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மலேசியாவின் மலிவு விலைக்கும் விலை உண்டு. ரோன் 95 என்ற பெட்ரோல் வகை 2021 முதல் 2.05 ரிங்கிட்டில் நிறுத்தப்பட்டிருந்தது. சந்தை விலைக்கும் அதற்கும் உள்ள இடைவெளியை அரசாங்கம் கட்டியது. பெரிய காரும் இரண்டாவது காரும் வைத்திருப்பவருக்குத்தான் அந்த மானியம் கூடுதலாகப் போய்ச் சேர்ந்தது. 2024 ஜூனில் தீபகற்பத்தில் டீசலை 2.15-லிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு விட்டார்கள். 2025 செப்டம்பர் இறுதியில் ரோன் 95-க்கு இரண்டு விலை வைத்தார்கள்: அடையாள அட்டை காட்டும் குடிமக்களுக்கு மாதம் 300 லிட்டர் வரை 1.99, மற்றவர்களுக்கு 2.60. ஜொகூரில் கிராப் வாடகைக் கார் ஓட்டும் என் மைத்துனருக்குத் தொடக்கத்தில் தயக்கம் இருந்தது. இப்போது அட்டையைச் செருகுவது பழகிவிட்டது.

மெஸ்கீட் மரம், டாலஸ்:

அமெரிக்கா பற்றிச் சுருக்கமாக. ஒன்றிய பெட்ரோல் வரி காலனுக்கு 18.4 சென்ட், அதாவது லிட்டருக்கு 5 சென்ட்டுக்கும் குறைவு. 1993-க்குப் பிறகு அது ஒரு சென்ட்கூட ஏறவில்லை. டெக்சஸ் மாநில வரி 20 சென்ட். அது 1991-இலிருந்து அப்படியே நிற்கிறது. இங்கே எண்ணெய் மலிவாக இருப்பதற்கு வரி குறைவாக இருப்பதே முதற்காரணம். அந்த வரிப் பணம் 1956-இல் அமைத்த நெடுஞ்சாலை நிதிக்குப் போகிறது. அது போதாமல் 2008 முதல் பொதுக் கருவூலத்திலிருந்து எடுத்து நிரப்புகிறார்கள். ஆக, பங்க்கில் கொடுக்காததை வருமான வரியில் கொடுக்கிறோம், கார் ஓட்டாதவரும் சேர்ந்து. நான் குடியிருக்கும் பகுதியில் பேருந்து நிறுத்தம் என்பதே இல்லை. பால் வாங்கவும் காரை எடுத்தாக வேண்டும். மாதத்துக்கு எத்தனை லிட்டர் எரிக்கிறோம் என்பதையும் சித்தப்பாவின் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள்.

தென்பெண்ணை, கடலூர்:

அனைவருக்கும் நன்றி. கணக்குப்பிள்ளை ஐயா சொன்ன இரண்டரைக் காசை நானே மறுபடி பெருக்கிப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. இத்தனை ஆண்டுகள் முள்ளோடையைத் தாண்டிப் போய் நிரப்பியபோது என் மாநிலத்துக்கு லிட்டருக்கு வர வேண்டிய ஏறத்தாழ இருபது ரூபாயை விட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்பது இப்போதுதான் உறைக்கிறது. அதே வேளையில் மாதக் கடைசியில் ஐந்து ரூபாயைப் பார்த்துப் போகும் கட்டடத் தொழிலாளியை நான் குறை சொல்ல மாட்டேன்.

பட்டியலைத் திருத்தி எழுதத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொரு ஊருக்கும் விலை எடுத்த மாதம், வரிக்கு முந்தைய விலை, வரி, அந்த வரி யாருக்குப் போகிறது, குறைந்தபட்சக் கூலியில் ஒரு லிட்டருக்கு எத்தனை நிமிட உழைப்பு என்று பத்திகள் போட்டிருக்கிறேன். டாலஸ் நண்பர் கேட்ட மாதப் பயன்பாடும் கடைசிப் பத்தியாகச் சேர்கிறது. இலங்கைக்கு 2021 டிசம்பர், 2022 ஜூன், 2024 ஜனவரி என்று மூன்று வரிசைகள். ஜூன் வரிசையில் விலைக்குப் பக்கத்தில் கிடைக்கவில்லை என்று எழுதியிருக்கிறேன். மலேசியாவுக்குக் குடிமக்களுக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று என்று இரண்டு. இந்தியா என்று ஒரே வரிசை போடாமல் கடலூருக்கு ஒன்று, புதுச்சேரிக்கு ஒன்று. நாளைக்குச் சித்தப்பாவுக்கு அனுப்புகிறேன்.